சம்பா காப்பீட்டுக் கூட்டத்துக்கு முன் ஒரு பழைய லேப்டாப்

தீபாவளிக்கு நீடாமங்கலம் போயிருந்தேன். காலையில் சித்தப்பா கடை திறக்கும்போது கூடவே போனேன். ஷட்டரைப் பாதி ஏற்றி உள்ளே போய் லேப்டாப் பட்டனை அழுத்தினார். பிறகு வெளியே வந்து ஷட்டரை முழுதாக ஏற்றினார், வாசல் பெருக்கினார், சாமி படத்துக்குப் பூ வைத்தார், எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து குரோமில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்க 6 நிமிடம் 40 நொடி.

அது என் தங்கைக்கு 2013-இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்புகள் டெல்டா வீடுகளில் இன்னும் எத்தனையோ பரணில் கிடக்கின்றன. டூயல் கோர் பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் திரை. தங்கை வேலைக்குப் போனதும் அது சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது. சிட்டா எடுப்பது, மனு டைப் அடிப்பது, பயிர்க் காப்பீடு பதிவது எல்லாம் அதில்தான்.

அவசரத்துக்குக் காரணம் அந்தக் காப்பீடுதான். குறுவை அறுவடை முடிந்து சம்பா நட்டாகிவிட்டது. பதிவுக்கு நவம்பர் நடுவில் கடைசித் தேதி வரும். கடைசி வாரத்தில் அடங்கல், பாஸ்புக் நகல், ஆதார் நகல், முன்மொழிவுப் படிவம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வாசலில் வரிசை நிற்கும். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். ஆனால் நாள் தவறிவிட்டால் வெள்ளம் வந்தாலும் அந்த நிலத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த வரிசைக்கு முன்னால் லேப்டாப் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சித்தப்பாவின் கவலை.

"தம்பி, இத போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா? முப்பதாயிரமாவது ஆவும்ல?"

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, எதுல கோளாறுன்னு முதல்ல பாத்துருவோம்" என்றேன்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் அசையாமல் நின்றது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றரை எம்பி. பழைய கணினியில் இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில்தான்.

இதற்குக் காரணம் டிஸ்க்கின் வேகம் என்பதைவிட அதன் நடை என்று சொல்லலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான இடம் படிக்கும் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லி நொடி. ஆக, ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் 17, 18 மில்லி நொடி. நொடிக்கு அறுபது துண்டுகூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது பல்லாயிரம் சின்னத் துண்டுகளைக் கேட்கிறது. ஒரே ஆள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைக்கு மடை நடந்து திறப்பது மாதிரி. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அவர் நடக்கும் நேரம் குறையாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சிப் வகைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. எந்தத் துண்டையும் ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துவிடும்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. சி5 என்று குறித்த வரிசை, அதாவது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புக் கட்டங்களின்) எண்ணிக்கை, 18 என்று காட்டியது. இந்த மென்பொருள் அந்தப் பத்தியில் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். 18 என்றால் ஒரு பதினாறும் ஓர் எட்டும், அதாவது 24. பலர் இதைக் கவனிக்காமல் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். அமைப்பில் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செக்டார்கள் வரும்போதெல்லாம் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று மூச்சு வாங்கியிருக்கிறது. நிமிடக்கணக்கில் உறைந்து நின்றது அதனால்தான். வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், டிஸ்க்கே போகப் போகிறது என்று சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. ஆறு வருட மனுக்கள், படிவங்கள், கணக்கு எல்லாம் அதில் மட்டும்தான் இருந்தன.

அதே திரையில் இன்னொரு தகவலும் கிடைத்தது: சாட்டா/300. சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு, இது அதன் இரண்டாம் தலைமுறை. எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 270 எம்பி அளவில் நின்றுவிடும். பெட்டியில் 550 என்று போட்டிருப்பது மூன்றாம் தலைமுறைக்கு. இதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. மேலே சொன்ன நடை நேரம்தான் நம் சிக்கல், அது எந்தத் தலைமுறை இணைப்பிலும் தீர்ந்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட மெஷினுக்கு விலை கூடிய எஸ்எஸ்டி வாங்குவது வீண் செலவு.

மறுநாள் தஞ்சாவூர் போய் 256 ஜிபி, 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று 1,700 ரூபாய்க்கும், 4 ஜிபி பழைய ரேம் ஒன்று 550 ரூபாய்க்கும் வாங்கினேன். கடையில் முதலில் எடுத்து நீட்டியது பபிள்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை. அதற்கான சொருகிடமே அந்தக் காலத்து லேப்டாப்புகளில் இல்லை. எடுத்த எஸ்எஸ்டி, ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை, டிராம் என்ற வேக நினைவகம் இல்லாதது. டிராம் இருந்தால் ஓயாமல் எழுதும் வேலைகளில் நன்மை உண்டு, ஜெராக்ஸ் கடைக்கு அவசியமில்லை. ரேமில்தான் கவனம் வேண்டும். டிடிஆர்3-இல் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு. 1.35 போட்டது இரண்டு வகை மெஷினிலும் ஓடும். 1.5 மட்டும் தாங்கும் ரேம், 1.35 கேட்கும் மெஷினில் ஓடாது. அதனால் எல் எழுத்து போட்ட டிடிஆர்3எல்லாகப் பார்த்து எடுத்தேன்.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்சில் உட்கார்ந்தபடியே வேலையை எப்படித் தொடங்குவது என்று யோசித்து முடித்துவிட்டேன்.

பழைய டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை மட்டும் அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் பிரிண்டர், கைரேகைக் கருவி, ஃபான்ட் எதையும் திரும்பப் போட வேண்டாம். அதற்கான குளோன்சில்லா என்ற மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி ஓட்டினேன். கால் பங்குகூடத் தாண்டவில்லை, படிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. பிழைகளைத் தாண்டிப் போகச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் எந்தக் கோப்பு பழுதானது என்று தெரியாத ஒரு விண்டோஸை, பணம் புழங்கும் கடையில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. முடிவை மாற்றினேன். முதலில் தரவு முழுவதையும் வெளியே மீட்பது, பிறகு எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுவது.

சாகப் போகும் டிஸ்க்கிலிருந்து தரவை எடுக்க டிடிரெஸ்க்யூவை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சாதாரணமாகக் காப்பி செய்தால் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டே நிற்கும். டிடிரெஸ்க்யூ முதலில் நன்றாக இருக்கும் பகுதிகளை எல்லாம் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். கடைசியில்தான் அவற்றோடு போராடும். டிஸ்க் நடுவில் உயிரை விட்டாலும் பெரும்பகுதி கையில் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் மாட்டவில்லை. சில கேபிள்களின் சிப் படிப்புப் பிழை வந்தால் மொத்தமாகத் தொங்கிவிடும். அதனால் டிஸ்க்கை லேப்டாப்புக்குள்ளேயே விட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை பென்டிரைவிலிருந்து ஓட்டினேன். மின்ட்டில் டிடிரெஸ்க்யூ முன்கூட்டியே இருக்காது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கிக்கொண்டேன். மீட்கும் படிமம், அதாவது டிஸ்க் முழுவதன் பிரதியான ஒரே கோப்பு, போய்ச் சேர என் 1 டிபி வெளி டிஸ்க். அது என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். யுஎஸ்பி 2 என்பதால் நொடிக்கு 30 எம்பி. கணக்குப்படி மூன்று மணி நேரம். ஏழரைக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழை, சாரல் உள்ளே அடித்து மேசை வரை வந்தது. எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது, மெஷின் அப்படியே அணைந்தது. சித்தப்பா டார்ச்சோடு நின்றுகொண்டு, "போச்சா?" என்றார்.

போகவில்லை. டிடிரெஸ்க்யூ தான் எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அதை வெளி டிஸ்க்கில் வைத்திருந்தேன். பென்டிரைவிலிருந்து ஓடும் மின்ட்டின் முகப்பிலேயே வைத்திருந்தால் அது ரேமோடு மறைந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. டிடிரெஸ்க்யூவை மறுபடி இறக்கி, அதே கட்டளையை அதே கோப்புப் பெயர்களோடு கொடுத்தேன். விட்ட இடத்துக்குச் சற்று முன்னால் இருந்து பிடித்துக்கொண்டது. நள்ளிரவு தாண்டி முதல் ஓட்டம் முடிந்தது. பிறகு கெட்ட இடங்களை மூன்று முறை மீண்டும் முயலச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 320 ஜிபியில் மீளாமல் போனது 16 கேபி. முப்பத்திரண்டு செக்டார்.

மின்ட்டில் உள்ள டிஸ்க்ஸ் என்ற கருவியில் அந்தப் படிமத்தைப் படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்துப் பார்த்தோம். கல்யாண வீடியோ ஒன்று பாதியில் நின்றது. மனுக்கள், கணக்கு, படிவங்கள் அத்தனையும் திறந்தன. சித்தப்பா ஒவ்வொரு வருட ஃபோல்டராகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

இதற்குப் பிறகுதான் திருப்புளியை எடுத்தேன். அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தேன். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். அடிமூடிக்குக் கீழே ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நான்கு சின்னத் திருகுகளோடு உட்கார்ந்திருந்தது. அதை மேலே தூக்கக்கூடாது, இணைப்பிலிருந்து விலகும் பக்கமாக நகர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. தகரச் சட்டத்தில் பக்கத் திருகு போடும் மெஷினில் இந்த வித்தியாசம் தொல்லை தராது. ரப்பரில் செருகும் மெஷினாக இருந்தால் எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆடும். ரேமைச் சாய்வாகச் செருகி அழுத்தினேன், இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பிடித்தது.

மூடியைத் திறந்ததால்தான் ஃபேனைப் பார்க்க முடிந்தது. காற்று வெளியேறும் செம்புத் தகடுகளின் மேல் சாம்பலும் வைக்கோல் நிறமும் கலந்து, பஞ்சுத் திண்டு மாதிரி ஓர் அடை. குறுவை அறுவடை நேரத்தில் கடைக்குப் பக்கத்துக் களத்தில் நெல் தூற்றுவார்கள், சுணை முழுக்க இங்கேதான் பறந்து வரும். கையில் எடுத்தால் அரித்தது. பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல உருவி எடுத்தேன். காற்று ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றவிட்டால் அச்சு கெட்டுவிடும். டெல்டாவில் களத்துப் பக்கம் இருக்கும் எந்தக் கணினிக்கும், எஸ்எஸ்டி போடாவிட்டாலும், அறுவடைக்கு அறுவடை இதைச் செய்யலாம்.

பயாஸில் சாட்டா முறை, எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு விண்டோஸ் 10-ஐப் போட்டேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. மதர்போர்டு மாறாததால் இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிக்கொண்டது. இந்த பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. ஊரார் ஆதாரும் வங்கிக் கணக்கும் புழங்கும் மெஷினைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் விடக்கூடாது. 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது, அதில் பதிந்துவிட்டேன். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட்தான் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கைரேகைக் கருவி அதில் ஓடுமா என்பதை அதற்குள் சோதித்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சித்தப்பா ஒரு பழைய மனுவைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கோப்பு கெட்டுவிட்டது என்றே பதறினார். கெடவில்லை. அவர் பல வருடமாக டைப் அடிப்பது பாமினி ஃபான்ட்டில். யூனிகோடு வருவதற்கு முந்தைய முறை அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். ஃபான்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். மீட்ட படிமத்தில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய் பாமினியையும் வானவில் ஃபான்ட்டுகளையும் எடுத்து நிறுவினேன். மனுவை மூடித் திறந்ததும் 'ஐயா, வணக்கம்' என்று வந்தது. விண்டோஸைப் புதிதாகப் போடும் முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியே எடுத்து வையுங்கள். டிடிபி கடைக்காரர்களுக்கு ஆவணங்களுக்கு நிகரான சொத்து அது.

மறுபடி ஸ்டாப்வாட்ச். பட்டனிலிருந்து குரோமில் பக்கம் திறக்கும் வரை 47 நொடி. இரண்டாம் முறை 44. அடங்கல் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியதும் உடனே பிரிண்டருக்குப் போகிறது, முன்பு அந்த இடைவெளியில் வந்தவரிடம் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கலாம். எல்லாமே வேகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காப்பீட்டு இணையதளம் நெரிசலில் திணறினால் திணறத்தான் செய்யும், ஓடிபி வரும் நேரத்தில் எஸ்எஸ்டிக்குப் பங்கில்லை. யூடியூபில் உயர்தர வீடியோ ஓடவிட்டால் அந்தப் பழைய பிராசசர் இன்னும் திக்குகிறது. கடைக்கு அது தேவைப்படவில்லை.

எஸ்எஸ்டியை நிரப்பிவிடாதீர்கள், 40 ஜிபியாவது காலியாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் மென்பொருள் எதையும் போட வேண்டாம், விண்டோஸே எஸ்எஸ்டி என்று கண்டுகொண்டு டிரிம் செய்துகொள்ளும், அதாவது அழித்த இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டி ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் முழுதாக நின்றுவிடக்கூடும், ஹார்ட் டிஸ்க் மாதிரி முனகிவிட்டுப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை கடை மூடும்போது மனு ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி செய்வதை வழக்கமாக்கிக்கொண்டார்.

கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிடலாம் என்றார் சித்தி. வேண்டாம் என்று தடுத்தேன். அதில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதார் நகலும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. கெட்ட செக்டார் உள்ள டிஸ்க்கை மென்பொருளால் முழுதாக அழித்துவிட்டோம் என்று நம்ப முடியாது. ஒரு வாரம் புது அமைப்பு சீராக ஓடுகிறது என்று உறுதியானதும், பழைய துண்டில் சுற்றி, கொல்லையில் கல்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். லேப்டாப் டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடிதான். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது. துண்டு சுற்றாமல் தட்டினால் சில்லு கண்ணில் தெறிக்கும். மீட்ட படிமத்தில் தேவையானதை எடுத்துக்கொண்டு, பழைய வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன்களை அதிலிருந்தும் நீக்கினோம்.

நவம்பர் முதல் வாரம் சித்தப்பா போன் செய்தார். அன்று மட்டும் முப்பத்தோரு பேருக்குப் பதிந்ததாகவும், நடுவில் இரண்டு முறை கரண்ட் போய் வந்ததாகவும் சொன்னார். "வந்தவுங்க எழுந்து போகல தம்பி, அதுக்குள்ள வந்துருது." பக்கத்து உரக்கடையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறதாம், அவரும் கேட்கிறாராம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டு சி5 வரிசையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். படம் வரும்வரை அந்த மெஷினில் புதிதாக எதையும் எழுத வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.